சீட்டில்லாத எறும்பு: நோத்தோமிர்மீசியாவைத் தேடிய 46 ஆண்டுகள்

வேளாண் கல்லூரியில் படிக்கும்போது ஒவ்வொரு மாணவரும் ஒரு பூச்சிப் பெட்டி தயார் செய்து கொடுக்க வேண்டும். மரப்பெட்டி, அடியில் தெர்மோகோல், மூலையில் ஒரு நாப்தலீன் உருண்டை. ஒவ்வொரு பூச்சியும் ஒரு ஊசியில். அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே, தபால் தலையில் பாதிகூட இல்லாத ஒரு சீட்டு: ஊர், தேதி, பிடித்தவர் பெயர். எவ்வளவு அழகாகச் சிறகை விரித்துக் குத்தியிருந்தாலும், சீட்டு இல்லையென்றால் எங்கள் ஆசிரியர் அந்தப் பூச்சியைக் கணக்கில் சேர்க்க மாட்டார். என் பெட்டியில் பளபளவென்று ஒரு பச்சை வண்டு இருந்தது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது அதை எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பிடித்தேனா, கல்லூரிப் பண்ணையில் பிடித்தேனா என்று நினைவில்லை. வண்டு கையில் இருக்கிறது, அதன் ஊர் போய்விட்டது.

அன்று அந்த ஆசிரியர் செய்தது அநியாயம் என்றுதான் நினைத்தேன். நோத்தோமிர்மீசியா மேக்ராப்ஸ் என்ற ஆஸ்திரேலிய எறும்பின் வரலாற்றைப் படித்த பிறகுதான் அவருடைய பிடிவாதம் புரிந்தது. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வை நான் பார்த்ததில்லை.

இரண்டே இரண்டு எறும்பு

1931 டிசம்பர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பல்லடோனியா என்ற இடத்திலிருந்து தெற்கே எஸ்பரன்ஸ் கடற்கரைப் பக்கம் ஒரு சிறு குழு குதிரைகளில் பயணம் போனது. ஆள் நடமாட்டம் அறவே குறைந்த மணல்வெளி, புதர்க்காடு. வழியில் கண்ணில் பட்ட பூச்சிகளையும் பிடித்துக்கொண்டே போனார்கள். எதை எந்த இடத்தில் பிடித்தோம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பூச்சிகள் பல்லடோனியாவில் வாழ்ந்த ஏமி குரோக்கர் என்ற ஓவியரிடம் வந்து சேர்ந்தன. இயற்கையில் மிகுந்த ஆர்வம் உள்ளவர் அவர். மெல்போர்னில் இருந்த விக்டோரியா தேசிய அருங்காட்சியகத்துக்கு அவற்றை அனுப்பி வைத்தார்.

அங்கே எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜான் கிளார்க். வந்த பூச்சிகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு வேலைக்கார எறும்புகள் இருந்தன. இதுவரை யாரும் பெயர் வைக்காத எறும்பு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 1934-இல் அதை விவரித்து வெளியிட்டார்.

விவரிப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதிய இனம் என்று ஒருவர் சொன்னால் போதாது. அதற்கு நெருக்கமான எல்லா இனங்களோடும் ஒப்பிட வேண்டும். எந்த உறுப்பில், எந்த அளவில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். பெயர் வைத்து அச்சில் வெளியிட வேண்டும். எந்த உடலைப் பார்த்து எழுதினாரோ அந்த உடலை, பின்னால் வருபவர்கள் எடுத்துப் பார்க்கும்படி ஒரு அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். கிளார்க் இதையெல்லாம் சரியாகவே செய்தார். பெயரிலேயே இரண்டு செய்திகளை வைத்தார். ஆஸ்திரேலியாவில் புல்டாக் எறும்பு என்று பெயர்பெற்ற, பெரிய தாடையும் கடுமையான கொடுக்கும் கொண்ட மிர்மீசியா என்ற பேரினம் ஒன்று உண்டு. அதைப் போலத் தோன்றும், ஆனால் அது இல்லை. அதனால் ‘போலி மிர்மீசியா’ என்ற பொருளில் நோத்தோமிர்மீசியா. மேக்ராப்ஸ் என்றால் பெரிய கண்.

‘அது இல்லை’ என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? முக்கியமாக இடுப்பை வைத்து. ஒரு கட்டெறும்பைப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரே ஒரு கணு நிமிர்ந்து நிற்கும். நெருப்பெறும்பைப் பார்த்தால் அந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு கணு இருக்கும். எறும்பு படிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். மிர்மீசியாவுக்கு இரண்டு கணு. நீண்ட பல்வரிசைத் தாடை, பெரிய கண், கொடுக்கு என்று மற்ற எல்லாவற்றிலும் அதை ஒத்திருந்த இந்த மஞ்சள் எறும்புக்கோ ஒரே கணு. அதற்குப் பின்னால் வயிறு குளவியின் வயிறு போலத் தடையில்லாமல் நீண்டிருந்தது.

எறும்புகள் குளவி வழியில் வந்தவை. அப்படியானால் குளவிக்கும் எறும்புக்கும் நடுவில் நிற்கும் பழைய வடிவம் ஒன்று உயிரோடு எஞ்சியிருக்கிறதா? இந்தக் கேள்விதான் உலகம் முழுக்க எறும்பு ஆய்வாளர்களை அந்த இரண்டு உடல்களை நோக்கித் திருப்பியது. அடுத்து என்ன கேட்பார்கள்? இது எங்கே இருக்கிறது? கூட்டமாக வாழ்கிறதா, தனியாகவா? ராணி எப்படி இருக்கும்? பதில் இல்லை. பல்லடோனியாவுக்கும் எஸ்பரன்ஸுக்கும் நடுவே எங்கோ ஓர் இடம், அவ்வளவுதான் தெரியும்.

தேடல்

தேடிப் போனவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன், புல்டாக் எறும்புகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்த காரில் ஹாஸ்கின்ஸ் இருவரும் 1955-இல் 1931 குழு போன தடத்திலேயே போய்த் தேடினார்கள். பகலிலும் தேடினார்கள், இரவிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவர்களுக்கு முன்னும் பின்னும் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பூண்டோடு அழிந்திருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

எனக்கு இதில் வலிப்பது இதுதான். பிடித்த அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் ‘இந்த மலையடிவாரம், இந்தத் தேதி, இரவு, மரத்தடி’ என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் இத்தனை பேரின் இத்தனை ஆண்டுத் தேடலுக்கு ஒரு தொடக்கப் புள்ளியாவது கிடைத்திருக்கும். இரவில் பிடித்தார்களா, பகலில் பிடித்தார்களா என்பது தெரிந்திருந்தால்கூடப் போதும். அந்த எறும்பின் ரகசியமே நேரத்தில்தான் இருந்தது.

பூச்சேராவில் ஒரு குளிர் இரவு

1977 அக்டோபர். வில்சனிடம் படித்த ராபர்ட் டெய்லர் அப்போது கான்பெராவில் தேசிய பூச்சித் தொகுப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நோத்தோமிர்மீசியாவைத் தேடும் நோக்கத்தோடு அவரும் குழுவினரும் மேற்கு ஆஸ்திரேலியாவை நோக்கி வண்டியில் கிளம்பினார்கள். வழியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பூச்சேரா என்ற சின்னஞ்சிறு ஊரில் வண்டிக் கோளாறால் தங்க வேண்டியதாயிற்று. 1931-இல் குழு போன பகுதி அங்கிருந்து இன்னும் சுமார் 1,300 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. அங்கே இந்த எறும்பு இருக்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

அன்று இரவு நல்ல குளிர். பூச்சி பிடிப்பவர்கள் இப்படிப்பட்ட இரவில் வெளியே போக மாட்டார்கள். குளிரில் பூச்சிகள் அசையாது, போய்ப் பயனில்லை. டெய்லர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த மல்லி மரங்களைப் பார்க்கப் போனார். மல்லி என்பது அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து வளரும் குட்டை யூகலிப்டஸ். நம் மல்லிகையோடு அதற்குச் சம்பந்தமில்லை. டார்ச் வெளிச்சம் விழுந்த தண்டில் ஒரு மஞ்சள் எறும்பு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

கத்திக்கொண்டே முகாமுக்கு ஓடினார் என்று சொல்வார்கள். ஓடாமல் என்ன செய்வார்? 46 ஆண்டுகளாக யாரும் உயிரோடு பார்க்காத ஒன்றைத் தேடி நாட்டின் மறுகோடிக்குப் போகிற வழியில், தங்க நினைக்காத ஊரில், அது தானாக எதிரே வந்து நிற்கிறது.

அதிர்ஷ்டம் என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. வண்டி நின்றது அதிர்ஷ்டம். குளிர் இரவில் படுத்துத் தூங்காமல் டார்ச்சோடு போனதும், ஒரு நொடியில் அந்த இடுப்பை அடையாளம் கண்டதும் பல ஆண்டுப் பயிற்சி. அதே தண்டை அதே இரவில் நான் பார்த்திருந்தால் ஒரு மஞ்சள் எறும்பு என்று கடந்து போயிருப்பேன்.

உயிரோடு பார்த்தபோது

1978-இல் டெய்லர் ‘சயன்ஸ்’ இதழில் செய்தியை வெளியிட்டார். பிறகு எறும்பு ஆய்வாளர் பெர்ட் ஹோல்டாப்ளரும் அவரும் பூச்சேராவில் இந்த எறும்பின் வாழ்க்கையைக் கவனித்து 1983-இல் எழுதினார்கள். 1934-இல் வந்தது இரண்டு உடல்களின் விவரிப்பு. இந்த எறும்பு எப்படிப்பட்டது என்பது இந்தக் கட்டுரைகளில்தான் தெரிய வந்தது.

வேலைக்கார எறும்புகள் பகலில் வெளியே வருவதில்லை. இருட்டத் தொடங்கும்போது ஒவ்வொன்றாகக் கூட்டைவிட்டுக் கிளம்பி, தனித்தனியாக மல்லி மரங்களில் ஏறும். நம் வீட்டுச் சுவரில் பார்ப்பதுபோல வரிசை கிடையாது. ஒன்று இரை கண்டால் மற்றதை வாசனைத் தடம் போட்டு அழைப்பதும் இல்லை. திசையை முக்கியமாகக் கண்ணால், தலைக்கு மேலே தெரியும் மரக்கிளைகளின் வடிவத்தை வைத்துப் பிடித்துக்கொள்கின்றன. பெரிய கண்ணின் வேலை அதுதான். இறந்த உடலில் கிளார்க் பார்த்துப் பெயராக வைத்த உறுப்பு, அந்த எறும்பின் முழு வாழ்க்கைக்கும் சாவியாக இருந்திருக்கிறது.

இரவு எவ்வளவு குளிருகிறதோ அவ்வளவு நல்லது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகிற இரவுகளில்தான் இவை நன்றாக வேட்டையாடும். மற்ற சிறு பூச்சிகள் குளிரில் விறைத்து, ஓட முடியாமல் இலையில் ஒட்டிக்கிடக்கும். இந்த எறும்பால் அப்போதும் மெதுவாக நடக்க முடியும். வேகம் இல்லாத ஒரு வேட்டைக்காரன், அதைவிட மெதுவான இரையைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. பகலிலும் வெப்பமான இரவுகளிலும் அதே மரங்களை மற்ற எறும்புகள் ஆள்கின்றன. மரம் ஒன்றுதான், முறை மாற்றிப் புழங்குகிறார்கள்.

கூடு கண்டுபிடிக்கவும் சிரமம். மேடு கிடையாது. உதிர்ந்த இலைகளுக்கு அடியில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. உள்ளே 50 முதல் 100 எறும்புகள் வரை. சித்தெறும்புப் புற்றுகளில் முட்டைகள் குவியலாக ஒட்டிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கூட்டின் தரையில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். ராணிக்கும் வேலைக்கார எறும்புக்கும் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இளம் ராணியின் சிறகும் குட்டையானது, நெடுந்தூரம் பறக்க உதவாது. ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்து ஊரிலிருந்து பறந்து வந்து அந்த இடத்தை நிரப்புவது கடினம்.

இன்னொன்று. பல எறும்புகள் வயிற்றுப் பகுதியின் வளையங்களை ஒன்றோடொன்று உரசி மெல்லிய கீச்சொலி எழுப்பும். மற்ற எறும்புகளுக்கு அந்த அரம் போன்ற வரிகள் முதுகுப் பக்கம் இருக்கும். நோத்தோமிர்மீசியாவுக்கு அடிப்பக்கம் இருக்கிறது. இப்படி வேறு எந்த எறும்பிலும் தெரியவில்லை.

பாட்டியா, பெரியம்மா மகளா?

கண்டுபிடித்தவுடன் ‘உயிருள்ள புதைபடிவம்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ‘டைனோசர் எறும்பு’ என்றும் பெயர் வந்தது. உலகில் உள்ள எறும்புகளிலேயே மிகப் பழமையானது, எல்லா எறும்புகளுக்கும் மூதாதையின் சாயல் இதுதான் என்று எழுதினார்கள். அப்படி நினைக்கக் காரணங்களும் இருந்தன: சிறிய கூட்டம், தனி வேட்டை, வேலைக்காரர் போலவே இருக்கும் ராணி, ஒரே கணு.

அம்பரில், அதாவது கல்லாக இறுகிப்போன பழைய மரப்பிசினில், கிடைத்த சான்றும் ஒருபக்கம் இதற்குப் பொருந்தியது. சுமார் 4.4 கோடி ஆண்டுகள் பழைய பால்டிக் அம்பரில் பிரியோனோமிர்மெக்ஸ் என்ற எறும்பு கிடைத்திருக்கிறது. நோத்தோமிர்மீசியாவோடு வைத்துப் பார்த்தால் அவ்வளவு ஒத்துப்போகிறது. இரண்டும் ஒரே பேரினம், ஆஸ்திரேலிய எறும்பையும் பிரியோனோமிர்மெக்ஸ் என்றே அழைக்க வேண்டும் என்று 2000-இல் ஓர் ஆய்வாளர் முன்மொழிந்தார். மற்றவர்கள் 2003-இல் அதை மறுத்துப் பழைய பெயரையே நிறுத்தினார்கள். 70 ஆண்டு ஆகியும் பெயர்கூட விவாதத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பக்கம் அம்பர் வேறு கதை சொன்னது. 1966-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபிரெய் தம்பதி ஓர் அம்பர் துண்டைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் சுமார் 9 கோடி ஆண்டுகள் பழைய எறும்பு. வில்சனும் சகாக்களும் 1967-இல் அதற்கு ஸ்பீகோமிர்மா ஃபிரெயி என்று பெயர் வைத்தார்கள். அதன் தாடை குளவியுடையதுபோலக் குட்டை, இரண்டே பல். ஆனால் இடுப்பு எறும்பின் இடுப்பு. எறும்புகளுக்கே உரிய மார்புச் சுரப்பியும் இருந்தது. குளவியும் எறும்பும் ஒரே உடலில் கலந்திருந்தன. நோத்தோமிர்மீசியாவின் நீண்ட பல்வரிசைத் தாடையோ இந்த மூதாதைச் சாயலிலிருந்து வெகுதூரம் விலகியது.

கடைசியில் வழக்கைத் தீர்த்தது டிஎன்ஏ. 2003-இல் வந்த ஆய்வு நோத்தோமிர்மீசியாவும் மிர்மீசியாவும் உடன்பிறந்தவை என்று உறுதிசெய்தது. 2006-இல் எறும்புக் குடும்பம் முழுவதையும் எடுத்துக்கொண்ட இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இன்றுள்ள எறும்பு இனங்களில் பெரும்பாலானவை அடங்கிய பெருங்கிளைக்கு உள்ளேதான் இந்த இரண்டும் உட்கார்ந்திருந்தன, அடிவேரில் இல்லை. மரத்தின் அடியில் முதலில் பிரிந்த கிளையாகத் தெரிந்தவை லெப்டனில்லா வகை எறும்புகள்: மண்ணுக்குள்ளேயே வாழும், கண் தெரியாத, மிகச் சிறியவை. 2008-இல் பிரேசிலின் மனாவுஸ் அருகே இலைச்சருகில் கிடைத்த ஒரே ஓர் எறும்பைக் கொண்டு மார்ஷியாலிஸ் ஹியூரிக்கா என்ற இனம் விவரிக்கப்பட்டது. அதுவும் வெளிறிய, கண்ணில்லாத மண்வாசி. அதற்கும் அடிக்கிளைப் பக்கம்தான் இடம்.

சரி, அப்படியானால் முதல் எறும்பு குருடாக மண்ணுக்குள் வாழ்ந்ததா? அதுவும் இல்லை. அம்பரில் கிடைத்த ஸ்பீகோமிர்மாவுக்குக் கண் இருக்கிறது. லெப்டனில்லாவின் முன்னோர் மண்ணுக்குள் போன பிறகு கண்ணை இழந்திருக்க வேண்டும். நோத்தோமிர்மீசியா சில பழைய பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறது. லெப்டனில்லா, நோத்தோமிர்மீசியா இரண்டும் இன்று வாழும் எறும்புகள். எதுவும் மற்றதன் மூதாதை இல்லை. பாட்டி வீட்டு வெண்கலப் பானையை இன்னும் புழங்கும் பெரியம்மா மகள் பாட்டி ஆகிவிட மாட்டாள். பானையைப் பார்த்துப் பாட்டி சமைத்த விதத்தை ஊகிக்கலாம், அவ்வளவே. பழமையான இனம் என்று ஒன்றைச் சொல்லும்போது அதன் எந்த உறுப்பு, எந்தப் பழக்கம் பழமையானது என்று கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது இந்த எறும்புதான்.

மாறவே இல்லை என்று இதைச் சொல்ல முடியாது என்பதற்கு ஒரு சான்று அதன் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. நோத்தோமிர்மீசியாவின் குரோமோசோம்கள் 94. அதன் உடன்பிறப்பான மிர்மீசியாவில் ஓர் இனத்துக்கு ஒரே ஒரு இணைக் குரோமோசோம்தான் என்று 1986-இல் கண்டறிந்தார்கள். எறும்புகளில் ஆணுக்குப் பாதி எண்ணிக்கைதான் என்பதால், அந்த எறும்பின் ஆணுக்கு ஒரே ஒரு குரோமோசோம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு வழிகளில், ஒன்றில் 94, மற்றதில் 2. இவ்வளவு மாற்றம் நடந்த இடத்தில் ‘உறைந்து நின்றுவிட்டது’ என்று சொல்ல இடமேது?

இப்போது

1977-இல் டெய்லர் பார்த்த பூச்சேரா இடம் பிழைக்கவில்லை. நிலத்தடித் தொலைபேசிக் கம்பி பதிக்கும்போது அந்தப் பகுதியைச் சுத்தம் செய்து எரித்துவிட்டார்கள். நல்லவேளையாகச் சுற்றுவட்டாரத்திலும், பூச்சேரா இருக்கும் ஐர் தீபகற்பத்தின் வேறு சில இடங்களிலும் கூடுகள் கிடைத்தன. 1996-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது. கூட்டுக்குத் தேவையானது அடர்ந்த பழைய மல்லி மரங்களும் கலைக்காத சருகுத் தரையும். வெட்டினாலோ எரித்தாலோ போய்விடும். குளிர்ந்த இரவுகளை நம்பி வாழும் இனம் என்பதால் இரவுகள் வெப்பமாகிக்கொண்டே போவதும் கவலைதான். அதற்கு வேலி போட முடியாது. பூச்சேராக்காரர்கள் ஊரில் இந்த எறும்புக்கு ஒரு பெரிய சிலை வைத்திருக்கிறார்கள்.

இப்போது டெய்லருக்குப் பிறகு பிடித்த ஒவ்வொரு எறும்பின் ஊசியிலும் ஊரும் தேதியும் எழுதிய சீட்டு இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் மூன்றாவது எறும்பு இதுவரை கிடைக்கவில்லை. 1931-இல் குதிரையில் போனவர்கள் எந்த மரத்தடியில் குனிந்து அந்த இரண்டையும் எடுத்தார்களோ, அந்த மரத்தடி எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.